மதுக்கூடத்துப் பாணன்

பொருநராற்றுப்படையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஓரிடத்தில் சற்றே விரைந்து செல்வதுண்டு. யாழின் உறுப்புகளை முடத்தாமக்கண்ணியார் ஒவ்வொன்றாக வருணிக்கும் பகுதியில் நின்று, நிதானித்து, கரும்பலகையில் படம் வரைந்து காட்டி மகிழ்கிறோம். கரிகாலன் தன்னை நாடி வந்த பொருநனுக்குப் புலாலும் மதுவும் தெவிட்டுமளவு தந்து விருந்தோம்பும் பகுதி வந்ததும், 'அக்கால வழக்கம் அது' என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குத் தாவிவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறு தாவியவனே.

அந்தத் தாவலை எனக்கு நினைவூட்டியவன், என் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருந்த பழைய மாணவன் ஒருவன். படிப்பு முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் சிராங்கூன் சாலையில் அவனைக் கண்டேன். பகலில் மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் பணி. சனிக்கிழமை இரவுகளில் ஆற்றங்கரை மதுக்கூடம் ஒன்றில் மின் கித்தார் வாசிப்பு. நலம் விசாரித்து முடிந்ததும் அவன் கேட்டான்: "சார், கரிகாலன் எதிரில் கள் குடித்துவிட்டு வாசித்தவனைப் பாடமாக வைத்திருக்கிறோம். நான் ஒரு சொட்டும் குடிக்காமல் வாசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக அப்பா ஒரு நாள்கூட வந்து கேட்கவில்லை. இது எப்படிச் சார் சரியாகும்?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவன் விடவில்லை. "நீங்களாவது வந்து கேளுங்கள்" என்றான். வருகிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. கோவில் மண்டபத்திலோ சமூக மன்றத்திலோ வாசிக்கிறான் என்றால் அன்றே தலையசைத்திருப்பேன் அல்லவா? கலை என்பது நிகழும் இடத்தால் உயர்வும் தாழ்வும் பெறுகின்றதா என்னும் கேள்வி, அந்த ஒரு வாரத் தயக்கத்திலிருந்தே எனக்குப் பிறந்தது.

லிட்டில் இந்தியாவிலிருந்து கிளார்க் கீக்கு விரைவு ரயிலில் இரண்டே நிறுத்தங்கள். ஆயினும் அன்று நான் கடந்த தொலைவு அதனினும் பெரிது. மல்லிகையும் மசாலாவும் மணக்கும் தெருவிலிருந்து புறப்பட்டு, சிங்கப்பூர் ஆற்றின் கரையில் வண்ண விளக்குகளுக்கும் கூச்சலுக்கும் நடுவே இறங்கினேன். ஆற்றங்கரை அவ்விசைக்குப் புதிய இடமன்று. 'கிரேசி எலிஃபென்ட்' என்னும் மதுக்கூடம் கிளார்க் கீயில் புளூஸ், ராக் இசைகளுக்கென்றே நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. ஞாயிறு இரவுகளில் வந்தவர் எவரும் மேடையேறிக் கூடி வாசிக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. நம் சிராங்கூன் வட்டாரமும் அதற்கு முற்றிலும் அந்நியமாக இருந்ததில்லை. 2000-களில் டன்லப் தெருவில், அப்துல் கஃபூர் பள்ளிவாசல் அமைந்த அதே தெருவில், 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்னும் விடுதியில் குழுக்கள் வாசித்துவந்தன. அத்தெருவில் எத்தனையோ முறை நடந்தும் அதன் ஓசை என் செவியில் விழுந்ததில்லை. விழவில்லையா, விழவிடவில்லையா என்பது வேறு கேள்வி.

மாணவனின் மதுக்கூடம் சிறியது. நீண்ட மேசையின் பின்னே குப்பிகள். மேலே தொலைக்காட்சிப் பெட்டியில் காற்பந்தாட்டம். ஒரு மூலையில், ஒரு சாண் உயர மேடையில் நால்வர்: கித்தார், அடித்தொனிக் கித்தார், முரசுத் தொகுதி, பாடகர். அமர்ந்திருந்தோரில் பாதிப் பேருக்கு மேடை முதுகுப்பக்கம் இருந்தது. அவன் வாசிக்கத் தொடங்கியபோது எவரும் திரும்பவில்லை. கோல் ஒன்று விழுந்தபோது எல்லோரும் ஆரவாரித்தனர். அது அவனுக்காக அன்று. நான் எலுமிச்சைச் சாற்றுக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, யாரேனும் தெரிந்தவர் என்னைப் பார்த்துவிடுவாரோ என்று முதல் கால் மணி நேரம் வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிறகு அவன் மெதுவான புளூஸ் ஒன்றைத் தொடங்கினான். நம் இசையறிவைக் கொண்டே அதனை ஒருவாறு விளக்கலாம். புளூஸ் பெரிதும் ஐந்து சுரங்களில் நடப்பது. ச, க, ம, ப, நி என நிற்கும் அவ்வைந்தும் நம் சுத்த தன்யாசியின் சுரங்களே. ஆயினும் இராகம் கேட்பதுபோல் அது ஒலிப்பதில்லை. பன்னிரண்டு அளவுகள் கொண்ட ஒரு சுற்று மீண்டும் மீண்டும் வருகிறது. பாடகர் ஓரடியைப் பாடி, அதனையே மறுபடியும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை கூறுகிறார். அடிகளின் இடையே விடும் வெளியில் கித்தார் பதில் சொல்கிறது. அந்தப் பதிலில்தான் உயிர் இருக்கிறது. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, இரண்டிலும் நில்லாத ஓர் இடம் உண்டு. கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி, சுருதியை ஏற்றி, அந்த இடைவெளியில் அதனை நடுங்கவிடுகிறார்கள். வீணையில் மெட்டின்மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதைக் கண்டவர்க்கு இது விளங்கும். அழுகையை அடக்க முயல்பவனின் குரல் எந்தச் சுரத்தில் நிற்கும் என்று எவரேனும் அளந்து சொல்ல முடியுமானால், அது அந்த இடமாகத்தான் இருக்கும்.

மாணவன் அந்த இடத்தைத் தொட்டான். தொட்டு, நெடுநேரம் விடாமல் நின்றான். காற்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர் எவரும் அசையவில்லை. காலிக் குவளைகளைச் சேகரித்துக்கொண்டிருந்த சீன மூதாட்டி மட்டும் தட்டை இடுப்பில் அணைத்தபடி ஒரு தூணருகே நின்றுவிட்டார். சுற்று முடிந்ததும் மீண்டும் குவளைகளை எடுக்கப் போய்விட்டார்.

இவ்விசையின் பிறப்பை அறிந்தவர், அது மதுக்கூடத்தில் ஒலிப்பதில் வியப்படைய மாட்டார். அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் சட்டத்தால் ஒழிந்தது. அடிமைகளின் பிள்ளைகளும் பேரர்களும் அதன் பின்னும் மிசிசிப்பியின் பருத்தித் தோட்டங்களிலேயே கடனில் உழன்றனர். வயற்பாட்டும் வழிபாட்டுப் பாட்டும் கலந்து அவர்களிடையே தோன்றியது புளூஸ். வாரம் முழுவதும் குனிந்து உழைத்தவர்கள் சனிக்கிழமை இரவு கூடும் குடிசைகளே அதன் அரங்குகள். மடி வாட்டர்ஸ் என்று உலகறிந்த மெக்கின்லி மார்கன்ஃபீல்டு, 1941-இல் நாட்டுப்பாடல் சேகரிக்க வந்த ஆலன் லோமாக்ஸ் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தபோது, ஒரு பருத்தித் தோட்டத்துத் தொழிலாளியே. 1943-இல் அவர் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்குள்ள மதுக்கூடங்களின் இரைச்சலில் மரக் கித்தாரின் ஒலி எவர் செவியையும் எட்டவில்லை. ஆகவே மின் கித்தாருக்கு மாறினார். ஒலிபெருக்கியை அதன் வலிமைக்கு மீறி முடுக்கியபோது எழுந்த கரகரப்பு முதலில் குறையாகவே கருதப்பட்டது. பின்னர் அதுவே அவ்விசையின் குரலாயிற்று. அவர் 1950-இல் பதிவு செய்த ஒரு பாட்டின் பெயரிலிருந்துதான் ரோலிங் ஸ்டோன்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர் குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது. புளூஸ் அவ்வாறு ராக் இசையோடு கலந்து உலகைச் சுற்றியது. 1965 பிப்ரவரியில் அக்குழு நம் பூப்பந்து மண்டபத்திலும் வந்து வாசித்தது.

இங்கே ஒன்றை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். கேளாத கூட்டத்தின் இரைச்சல்தான் அந்தக் கருவியை உருவாக்கியது. அமைதியான அவை கிடைத்திருந்தால் மடி வாட்டர்ஸ் மரக் கித்தாரோடே இருந்திருப்பார். இன்று உலகம் கேட்கும் ஒலி பிறந்திராது. அப்படியானால் மதுக்கூடம் அக்கலைக்கு நேர்ந்த இழுக்கா, அக்கலையின் தாய்வீடா?

நம்மவர் அதனை இழுக்கு என்றே கொண்டனர். நம்மவர் மட்டுமல்லர். தன்னாட்சி பெற்ற 1959-ஆம் ஆண்டில், 'மஞ்சள் கலாசாரம்' என்னும் பெயரிட்டு, நாணயம் போட்டுப் பாட்டுக் கேட்கும் பெட்டிகள் உள்ளிட்ட பலவற்றின்மீது இங்கே அரசாங்கம் போர் தொடுத்தது. அந்தப் பத்தாண்டுகளில்தான் ஜேம்ஸ் சோய், சிவா சோய் ஆகிய சகோதரர்கள் 'சைக்ளோன்ஸ்' என்னும் பெயரில் பாடி இளைஞர் மனத்தைக் கவர்ந்தனர். புளூஸின்மீது தீராப் பற்றுக் கொண்ட சிவா சோயைப் பிற்காலத்தார், 1991-இல் வெளிவந்த நகைச்சுவை ஒலிநாடாவுக்காகவே மிகுதியும் நினைவில் வைத்திருப்பது காலத்தின் விளையாட்டு. 1970-களில் நீண்ட முடி வைத்த ஆடவர்க்கு அலுவலகங்களில் கடைசியாகவே சேவை என்று சுவரொட்டிகள் தொங்கின. புளூஸை உரத்த ராக் ஆக்கிப் புகழின் உச்சியில் நின்ற லெட் செப்பலின் குழு, 1972 பிப்ரவரியில் இங்கே வாசிக்க இருந்து, முடி வெட்டிக்கொள்ளாத காரணத்தால் வாசிக்காமலே போயிற்று. விரல்கள் என்ன செய்கின்றன என்பதைக் கேட்பதற்கு முன்னரே தலைமுடியைக் கண்டு தீர்ப்பு எழுதப்பட்டது. அக்காலத்து அச்சங்களுக்குக் காரணம் இருந்தது. போதைப்பொருள் பற்றிய கவலை வெறுங்கற்பனையன்று. எனினும் நோயைக் கண்டு மருந்தும் கொடுக்காமல் நோயாளியின் சட்டையைப் பறிமுதல் செய்தது போலவே அச்செயல் இன்று தோன்றுகிறது.

இசைக்கும் ஒழுங்குக்கும் இடையிலான வழக்கு சிராங்கூன் சாலையையும் விட்டுவைக்கவில்லை. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் முழக்குவது, முன்பு நிகழ்ந்த சச்சரவுகளைக் காரணம் காட்டி, 1973 முதல் தடைசெய்யப்பட்டிருந்தது. 2016-இல்தான் வழியில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் தரப்பட்டது. உறுமி மேளத்துக்காக வருந்தி உரிமை பேசிய நம்மில் பலர், ஆற்றங்கரைக் கித்தாருக்காக ஒரு சொல்லும் பேசியதில்லை. நம்முடையது பக்தி, அவர்களுடையது கேளிக்கை என்னும் வேறுபாடு நமக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அத்தெளிவை நான் சற்றே ஐயுறுகிறேன். நம் வரலாற்றிலேயே அதற்கு எதிரான சான்று இருக்கிறது. சங்க காலத்தில் வேந்தன் பக்கத்திலிருந்து உண்டவர் பாணர். நல்லியக்கோடனையும் இளந்திரையனையும் நாம் இன்று அறிவதற்குப் பாணரை ஆற்றுப்படுத்திய பாட்டுகளே பெரிதும் காரணம். ஆயினும் பிற்காலத்தில் அதே பாணர் குலம் தீண்டத்தகாததாக ஒதுக்கப்பட்டது. திருப்பாணாழ்வார் அரங்கத்துக் கோவிலுக்குள் புகாமல் காவிரிக் கரையில் நின்றே பாடினார் என்றும், நீர் எடுக்க வந்த அர்ச்சகர் எறிந்த கல் அவர்மீது பட்டது என்றும் வைணவ மரபு கூறும். யாழ் மாறவில்லை, பண் மாறவில்லை. அவற்றை ஏந்தியவரைப் பற்றிய மதிப்பீடு மாறியது; அதனோடு இடமும் மாறியது. அமெரிக்கக் கறுப்பினத்தாரிடையே தேவாலயத்தார் பலர் புளூஸைச் சாத்தானின் இசை என்றனர். சன் ஹவுஸ் என்னும் பெருங்கலைஞர் சமயப் பிரசங்கியாராகத் தொடங்கியவர். பிரசங்க மேடைக்கும் மதுக்குடிசைக்கும் இடையே வாழ்நாளெல்லாம் ஊசலாடினார். இடத்தைக் கொண்டு இசையைத் தூய்தென்றும் தூயதன்று என்றும் பிரிப்பது அத்துணை எளிதாயின் அவருக்கு அந்த ஊசலாட்டமே நேர்ந்திராது.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் மாணவன் பக்கம் வழக்கு வென்றதாகிவிடும். ஆனால் அவன் தந்தையின் பக்கத்தையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று.

தந்தை ஜொகூர் ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய தந்தை பால்மரம் வெட்டிச் சேர்த்த கூலி, தோட்டத்துக் கள்ளுக்கடையில் ஒவ்வொரு மாலையும் கரைந்ததைச் சிறுவயதில் பார்த்தவர். கள் அங்கே வெறும் பழக்கமன்று. தோட்டத்து நிர்வாகம் கூலியாளைக் கட்டிப்போடுவதற்கு ஏதுவாக இருந்த ஏற்பாடு. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும் மரியாதையோடும் சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். தம் துன்பத்தை மறக்க உதவிய பொருளையே தம் துன்பத்தின் வேராக அவர்கள் கண்டுகொண்டது எத்துணைப் பெரிய விழிப்பு! அந்த விழிப்பின் வழித்தோன்றல் அந்தத் தந்தை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அவர் கேட்பது இதுதான்: மதுக்கூட முதலாளி எதற்காக மேடை அமைக்கிறார்? இசையை வளர்க்கவா? வந்தவன் இன்னொரு குவளை வாங்கும்வரை இருக்கவேண்டும் என்பதற்காக. கரிகாலன் மதுவைக் கொடுத்து இசையைக் கேட்டான். இங்கே இசையைக் கொடுத்து மதுவை விற்கிறார்கள். விருந்தில் வைத்த உணவும் தூண்டிலில் கோத்த இரையும் ஒரே மீனாக இருக்கலாம், நோக்கம் ஒன்றாகுமா? என் மாணவனுக்கு நான் சொல்ல மறந்த வேறுபாடு இதுவே. அவன் ஒரு சொட்டும் குடிக்காதவனாக இருக்கலாம். ஆயினும் குடிப்பவன் கையில் குவளை நிரம்புவதற்கு அவன் விரல்களும் ஒரு காரணம். இதை நான் அவனிடம் பின்னர் நேராகவே சொன்னேன். அவன் மறுக்கவில்லை. "தெரியும் சார். அது என்னை உறுத்தாத நாள் இல்லை" என்றான்.

இடர் பற்றிய அச்சமும் வீண் அன்று. 1949-இல் ஆர்க்கன்சா மாநிலத்தில் டுவிஸ்ட் என்னும் சிற்றூரில் பி. பி. கிங் வாசித்துக்கொண்டிருந்தபோது, இருவர் ஒரு பெண்ணுக்காகச் சண்டையிட்டு, குளிர்காய வைத்திருந்த மண்ணெண்ணெய்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டனர். கட்டடம் தீப்பற்றியது. வெளியே ஓடிவந்துவிட்ட கிங், கித்தாரை மறந்தது நினைவுக்கு வர, எரியும் கூடத்துக்குள் மீண்டும் ஓடினார். உயிர் பிழைத்தது அருமை. அச்சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று மறுநாள் அறிந்து, அத்தகைய மடமையை இனிச் செய்யாதிருக்க ஒரு நினைவூட்டலாகத் தம் கித்தாருக்கு அப்பெயரையே இட்டார். பின்னர் வாசித்த கித்தார்கள் அனைத்துக்கும் அதே பெயர். இதைக் கேட்கும் கலைஞர்கள் பெருமிதம் கொள்கிறார்கள். ஒரு தந்தை இதைக் கேட்டால் என்ன எண்ணுவார்?

ஆகவே மதுக்கூடத்தை நான் தாய்வீடு என்று புகழவும் விரும்பவில்லை. இழுக்கு என்று ஒதுக்கவும் முடியவில்லை. அன்றிரவு என்னை உண்மையில் கலங்கச் செய்தது மது அன்று. அந்த முதுகுகள்.

அவற்றை நான் இதற்கு முன் எங்கே பார்த்தேன் என்று வீடு திரும்பும் வழியில் நினைத்துக்கொண்டே வந்தேன். விடை கிடைத்தபோது ரயிலிலேயே எனக்கு முகம் சுட்டது. என் மகளின் திருமணத்தில் பார்த்தேன். கோவில் மண்டபம், ஒரு துளி மதுவும் இல்லாத இடம். நாதசுவரக் கலைஞர் காலை ஆறு மணி முதல் வாசித்தார். முந்நூறு பேர் அவருக்கு முதுகைக் காட்டியபடி உறவினரிடம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஓர் இராகத்தை விரித்துக்கொண்டிருந்த வேளையில், உணவுப் பந்தி பற்றி ஓர் அறிவிப்புச் செய்ய வேண்டும் என்று நான்தான் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னேன். அவர் உடனே நிறுத்தினார். அது எந்த இராகம் என்று எனக்குத் தெரியாது. அவர் பெயரையும் நான் கேட்கவில்லை. பணத்தை உறையிலிட்டுக் கொடுத்தபோது 'மிகச் சிறப்பு' என்று மட்டும் சொன்னேன்.

பக்தி, கேளிக்கை என்று நான் வைத்திருந்த பிரிவு எங்கே போயிற்று? ஒரு குவளையும் விற்கப்படாத மண்டபத்தில் நாதசுவரம் சுவரலங்காரமாக இருந்தது. காற்பந்தாட்டம் நடந்த மதுக்கூடத்தில் ஒரு மூதாட்டியாவது நின்று கேட்டார்.

வள்ளுவர் பேசுவோனுக்கு அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். தகாத அவையில் நல்லதைச் சொல்லாதே என்னும் கருத்தும் அங்கே வருகிறது. அதற்கும் முன்னதாகக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார் என்பதை நாம் அத்துணை வலியுறுத்திக் கற்பிப்பதில்லை. கேட்பதும் ஓர் அறச்செயல் என்பது அதனால் பெறப்படும். அறமாயின் அது யாருக்கு நாம் பட்ட கடன்? கூலி கொடுத்துவிட்டோம், கடன் தீர்ந்தது என்பதுதான் பொதுவான எண்ணம். நுழைவுச்சீட்டு வாங்கினேன், உறையில் பணம் வைத்தேன், இனிக் கேட்பதும் கேளாததும் என் உரிமை. சட்டப்படி இதில் பிழை இல்லை. ஆனால் ஒருவர் நம் எதிரே நின்று, தம்மால் இயன்ற முழுமையையும் அந்தக் கணத்தில் எடுத்து நீட்டும்போது, அது பதிவுசெய்த ஒலிநாடாவை ஒலிக்கவிடுவதைப் போன்றதாகுமா? ஒலிநாடாவுக்கு நாம் முதுகு காட்டினால் அதற்கு ஒன்றும் நேர்வதில்லை. மனிதனுக்கு நேர்கிறது. நேரடி வாசிப்பு என்பதன் பொருளே, வாசிப்பவன் புண்படக்கூடிய இடத்தில் நிற்கிறான் என்பதுதான்.

அப்படிப் புண்படும் இடத்தில் ஏன் நிற்க வேண்டும் என்று மாணவனைக் கேட்டேன். அதற்கு அவன் கொள்ளைநோய்க் காலத்தைப் பற்றிச் சொன்னான். 2020 மார்ச் இறுதியில் கேளிக்கைக் கூடங்கள் அடைக்கப்பட்டன. உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் நேரடி இசை 2022 மார்ச் 29-ஆம் நாள்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள். அக்காலத்தில் அவன் தன் அடுக்குமாடி வீட்டின் அறையில் கைப்பேசியின் முன் அமர்ந்து வாசித்து இணையத்தில் ஏற்றினான். பலர் பார்த்தனர், பாராட்டி எழுதினர். "ஆனால் சார், அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அங்கே நின்றால் எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியவில்லை. யாரும் இல்லாத அறையில் அதற்கு அளவே இல்லை" என்றான். முதுகைத் திருப்பியவர்களேனும் அறையில் இருக்கவேண்டுமாம். அவர்களுடைய பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுத்தான், எப்போது உயர்வது, எப்போது தணிவது என்று அவன் விரல்கள் அறிகின்றனவாம். "அவர்கள் என்னைக் கேட்கவில்லை என்றாலும், நான் அவர்களைக் கேட்கிறேன்."

இவ்விடத்தில் ஆசிரியனாகிய நான் மாணவனானேன். கேள்வி என்னும் அறத்தை அந்தக் கூடத்தில் கடைப்பிடித்தவர் கேட்க வந்தவர் அல்லர், வாசிக்க வந்தவன். தகாத அவை என்று எண்ணி அவன் தன் கலையைக் குறைத்துக்கொள்ளவில்லை. மூன்று சுற்றுகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். கடைசிச் சுற்றில் கூடத்தில் பன்னிருவர் இருந்தோம். முதல் சுற்றில் வாசித்ததைவிட நன்றாக வாசித்தான். கொடுத்த கூலியோ, நால்வர் பகிர்ந்துகொண்டால் நள்ளிரவில் வாடகை வண்டிக்கும் புதுக் கம்பிகளுக்கும் போதுமானது. ஆதலின் கூலிக்காக வாசித்தான் என்று சொல்ல இயலாது. புகழுக்காக என்றும் சொல்ல இயலாது.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். புளூஸ் பிறர் துன்பத்தில் விளைந்த இசை. சிங்கப்பூரில் மின்தூக்கி பழுதுபார்க்கும் தமிழன் அதை வாசிப்பது கடன் வாங்கிய கண்ணீர் ஆகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். அடிமை முறையும் தோட்டக் கூலி முறையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அம்மக்கள் பட்ட துயருக்குச் செய்யும் அநீதி. ஆயினும் பருத்தித் தோட்டமும் ரப்பர்த் தோட்டமும் ஒன்றையொன்று அறியாதவை என்றும் நான் நம்பவில்லை. அந்த இளைஞன் நடுங்கவிட்ட சுரத்தில் மிசிசிப்பி இருந்ததோ, ஜொகூர் இருந்ததோ, நான் அறியேன். ஜொகூர் இருந்திருக்குமானால், அதைக் கண்டறியத் தகுந்தவர் உலகில் ஒருவரே. அவரோ அங்கு வரவில்லை.

இரு வாரங்களுக்குப் பின் தேக்கா நிலையத்தில் அந்தத் தந்தையைச் சந்தித்தேன். தற்செயலாக அன்று, நானே தேடிச் சென்றேன். இருவரும் தேநீர் வாங்கிக்கொண்டு அமர்ந்தோம். மகனின் வாசிப்பைக் கேட்டேன் என்று சொன்னேன். அவர் குவளையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். கூட்டம் எவ்வளவு என்று கேட்கவில்லை. குடிக்கிறானா என்றும் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும் போலும். நெடுநேரம் கழித்து, "எவ்வளவு நேரம் வாசிக்கிறான், வாத்தியாரய்யா?" என்றார்.

இரண்டேகால் மணி நேரம் இருக்கும் என்றேன்.

"நின்றுகொண்டேவா?"

ஆமாம் என்றேன்.

"விரல் வலிக்காதா அவனுக்கு?" என்று கேட்டுவிட்டு, என் விடைக்குக் காத்திராமல், எனக்கு இன்னொரு தேநீர் வாங்கிவர எழுந்து போனார்.